ஒரு கைத் தவிடு

சவுக்காரம் போட்டுக் கொதிக்கவைத்த பழைய வேட்டி, வெயிலில் காய்ந்து மொடமொடவென்று கொடியிலிருந்து இறங்கும்போது ஒரு வாசனை வரும். அந்த வாசனை பட்டால் இன்றைக்கும் எனக்கு முதலில் சந்தோஷம் வருகிறது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கோபமும் வந்துவிடுகிறது. எனக்கு ஆறேழு வயது இருக்கும்போது, பால் பற்கள் விழத் தொடங்கிய காலத்தில், அந்த வேட்டித் துண்டுகளை மடித்து மடித்து ஒரு பிரம்புப் பெட்டிக்குள் அடுக்கினேன். அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பெட்டி அது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் "கோட்டர்ஸ்" வரிசையில் எங்கள் வீடு. சிக்னல் கம்பங்களில் ஏறி விளக்கேற்றுவது அப்பாவுக்கு வேலை. வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை அடிக்கும், சோற்றில்கூட அடிக்கும். எனக்குப் பின்னால் இரண்டு தம்பிகள் பிறந்தார்கள், இரண்டு பேரும் தங்கவில்லை. இரண்டும் வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவை என்பதால், மூன்றாவதைப் பெரியாஸ்பத்திரியில் பெற்றுக்கொள்வது என்று அப்பா முடிவு செய்தார். எங்கள் வரிசையில் அதுவரை யாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளை பெற்றதில்லை. "மிஸ்ஸி"மார் என்று நாங்கள் சொல்லும் நர்சுகள் நம் மருந்தையெல்லாம் கிட்டத்தில் விடமாட்டார்கள், ஒளித்துக் கொண்டுபோ என்று ஒருத்தி சொல்வாள். ஒளித்தால் திட்டுவார்கள், கேட்டுவிட்டுக் கொடு என்று இன்னொருத்தி சொல்வாள். அவர்கள் யாருமே ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்கள் இல்லை, ஆனால் யோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை.

பெட்டியில் அடுக்கியதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வயிற்றைச் சுற்றிக் கட்ட ஒரு நீளத் துணி, நல்லெண்ணெய்ப் புட்டி, பிரசவ லேகியம், காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க ஒரு இரும்புத் துண்டு, பேர் சொல்லக் கூடாது என்று அம்மா "பிள்ளை வளர்ப்பான்" என்றே சொன்ன வசம்பு, இவற்றுக்கெல்லாம் மேலே அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்த சதுரத் துண்டுகள். எல்லாம் பழசு. பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி எடுத்தால் ஆகாது என்பது எங்கள் வழக்கம். பிறந்த பிறகும் முதலில் உடம்பில் படுவது, வேறொரு பிள்ளை போட்டுக் கழித்த சட்டையாக இருக்க வேண்டும், அந்தப் பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நின்ற பிள்ளையாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நின்ற பிள்ளை நான் ஒருத்திதான். அதனால் நான் கைக்குழந்தையில் போட்ட மஞ்சள் சட்டையை அம்மா தேடி எடுத்தாள், கழுத்தோரம் நைந்துபோயிருந்தது. "ஒன் சட்டைதான் மொதல்ல அவன் மேல படணும்" என்று அம்மா சொன்னபோது, எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பிறக்கப்போவது தம்பிதான் என்று எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள்.

ஒருநாள் அம்மா குளிக்கப் போயிருந்த சமயம், துண்டுகள் கலைந்திருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தேன். அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு புதுக் கவுன் இருந்தது. சிவப்புச் "சீத்தை"த் துணி, வெள்ளைப் பூ போட்டது, கஞ்சி வாசனை இன்னும் போகவில்லை. எனக்கு வழக்கம் தெரியுமே! பிறக்காத பிள்ளைக்குப் புதுசு வைக்கக் கூடாது, அம்மா கவுன் போடமாட்டாள், ஆகவே அந்தக் கவுன் எனக்குத்தான். கவுன் ஆஸ்பத்திரிப் பெட்டிக்குள் இருக்கிறது, ஆகவே அம்மா என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். வக்கீல் வைத்து வாதாடினாலும் இதைவிடச் சரியாக யாரும் யோசித்திருக்க முடியாது. கவுன் என்னுடையதுதான் என்பதில் என் கணக்குத் தப்பவில்லை.

பார்த்ததை நான் சொல்லவில்லை. அம்மா எனக்காக ஒளித்துவைத்திருக்கிற சந்தோஷத்தை நான் உடைப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அம்மாவும் அந்த நாட்களில் என்னிடம் ரொம்பப் பிரியமாக இருந்தாள். தலைவாரும்போது அடிக்கவில்லை, மீன் தலையை எனக்கு வைத்தாள், ஒரு நாள் ஒன்றுமில்லாததற்கு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வயிற்றுப்பிள்ளைக்காரி அப்படித்தான் அழுவாள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்.

புறப்பட்ட அன்றைக்கு அப்பா வேலைக்குப் போகவில்லை. பெட்டியை அவர் தூக்கிக்கொண்டார், அம்மா ஒரு கையால் இடுப்பையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டாள். கோலாலம்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போக வேண்டுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா ரயில்வேக்காரர், நாங்கள் எங்கே போனாலும் ரயில்தானே. வழியில் பங்சார், அப்போது வெறும் ரப்பர்க் காடு. ஜன்னலில் மரங்கள் வரிசை வரிசையாக ஓடின, நான் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இதுதான் ஆஸ்பத்திரியா என்று கேட்டேன். இல்லை, இல்லை என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார்.

இறங்கிய இடம் கிள்ளான். அங்கே அப்பாவின் தங்கை, என் அத்தை, இருந்தாள். மாமா மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்தார். வீட்டை ஒட்டியே கொட்டகை, கொட்டகையில் தவிட்டு மூட்டைகள். அவர்களுக்குப் பிள்ளையில்லை. அத்தையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா என் முகத்தைக் கழுவி, பெட்டியின் அடியிலிருந்து சிவப்புக் கவுனை எடுத்துப் போட்டுவிட்டாள். நான் ஆச்சரியப்பட்ட மாதிரி நடித்தேன். அவள் மனசு நோகக் கூடாதே என்று நடித்தேன், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அத்தை ஒரு முறத்தில் தவிடு கொண்டுவந்தாள். நம் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்டுவதற்கு, உன்னை நாங்கள் பெறவில்லை, தவிட்டுக்கு வாங்கினோம் என்பார்கள். சொல்லாத வீடு கிடையாது, கேட்டு அழாத பிள்ளையும் கிடையாது. அந்த விளையாட்டுத்தான் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

"அண்ணி, முந்தானையப் புடிங்க" என்றாள் அத்தை.

அம்மா முந்தானையை விரித்தாள். அத்தை ஒரு கைத் தவிட்டை அள்ளி அதில் போட்டாள். அப்பா என் தோளைப் பிடித்து அத்தை பக்கம் நகர்த்தினார்.

"தவிட்ட வாங்கிக்கிட்டேன், பிள்ளையக் குடுத்துட்டேன்" என்றாள் அம்மா. குரல் நடுங்கியிருந்தால்கூட இன்றைக்கு எனக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும். நடுங்கவில்லை, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

இது சும்மா சொல்லும் பேச்சு மட்டுமல்ல, வழக்கமே உண்டு. பிறந்து பிறந்து சாகிற வீட்டில், பிறந்த பிள்ளையை இன்னொருத்தியிடம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அது வேறு வீட்டுப் பிள்ளை என்று எமன் ஏமாந்து போய்விடுவானாம். பிள்ளை பிழைத்துக்கொண்டதும் அதே அளவு தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கத்தையே தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். என் ஜாதகம் தம்பிகளுக்கு ஆகாது, நான் அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கிறவரை ஆண்பிள்ளை தங்காது என்று யாரோ பண்டாரம் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தான். சாகிற பிள்ளையைக் காப்பாற்ற, இருக்கிற பிள்ளையை விற்றார்கள். இதெல்லாம் பின்னால் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அப்பா குனிந்து என்னிடம் சொன்னது வேறு: "தம்பி பொறந்து மொட்டை போட்டதும் அப்பா வந்து தவிட்டத் திருப்பிக் குடுத்திட்டுக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன் பாப்பா."

பெட்டியிலிருந்து என் பழைய கவுன்களும், நான் சோறு தின்னும் "மங்கு"வும் வெளியே வந்தன. நான் திறந்து பார்த்த நாளுக்குப் பிறகு, வேட்டித் துண்டுகளுக்குக் கீழே அவ்வளவையும் அம்மா வைத்திருக்கிறாள். நான் மடித்து மடித்து மேலே அடுக்கிய துணியெல்லாம் என் சாமான்களை எனக்கே தெரியாமல் மூடிவைத்த துணி. பிறகு பெட்டியை மூடி, பிரம்புக் கொக்கியை மாட்டி, அப்பா தூக்கிக்கொண்டார். என் மஞ்சள் சட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிற்று, நான் போகவில்லை.

அத்தை நல்லவள். அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிப்போகும். பாலும் சோறும் குறைவில்லாமல் போட்டாள், கை நீட்டி ஒருநாளும் அடித்ததில்லை. அம்மா என்று கூப்பிடச் சொன்னாள். நான் கடைசிவரை அத்தை என்றுதான் கூப்பிட்டேன். போகப்போகிற பிள்ளை உறவை மாற்றிக் கூப்பிடுவானேன் என்பது என் கணக்கு. தம்பி பிறந்தான், தங்கினான், தவழ்கிறான் என்று சேதி ஒவ்வொன்றாக வந்தது. மாட்டுக்குத் தவிடு அளப்பது என் வேலையாகிவிட்டிருந்தது. கொட்டாங்கச்சியால் அள்ளும்போதெல்லாம் இதில் ஒரு கை, இதில் ஒரு கை என்று நினைத்துக்கொள்வேன்.

தம்பிக்கு மொட்டை போட்ட கையோடு அவர்கள் கிள்ளானுக்கு வந்தார்கள். நான் சிவப்புக் கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டு, மற்ற கவுன்களை மூட்டை கட்டிவைத்திருந்தேன். கவுன் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டிருந்தது. தம்பி மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அம்மா இடுப்பில் இருந்தான், அழகாகத்தான் இருந்தான். அம்மா கொண்டுவந்த பையை அத்தை பிரித்தாள். வாழைப்பழம் இருந்தது, முறுக்கு இருந்தது, கோயில் விபூதி இருந்தது. தவிடு இல்லை.

ரயிலில் வருகிற அவசரத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் தவிட்டுக்கு எங்கே போவாள், பாவம். ஓடிப்போய்க் கொட்டகையிலிருந்து ஒரு கொட்டாங்கச்சி நிறையத் தவிடு அள்ளிவந்து அம்மாவிடம் நீட்டினேன். "இந்தாம்மா தவிடு. அத்தகிட்ட குடு" என்றேன்.

அம்மா கையை நீட்டவில்லை. தம்பியை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"கையில பிள்ள இருக்குடி" என்றாள்.

நான் நீட்டியபடியே நின்றேன். அப்பா எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். கடைசியில் அத்தைதான் என் கையிலிருந்து கொட்டாங்கச்சியை வாங்கிக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். தம்பி தங்கிவிட்டான் அல்லவா, என்னைத் திரும்ப எடுத்தால் தங்கினது போய்விடுமோ என்று அவர்களுக்குப் பயம். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை.

அதன் பிறகு அவர்கள் வந்தார்கள், போனார்கள், தீபாவளிக்குத் துணி அனுப்பினார்கள். நான் கேட்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி முதல் பிரசவம் வந்தபோது, தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் ஆக வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிற்று. எது தாய் வீடு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கிள்ளானிலேயே பெற்றேன். அம்மா அந்த மஞ்சள் சட்டையைத் துவைத்துத் தம்பி கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். இரண்டு பிள்ளைகள் போட்டு நின்ற சட்டை, ராசியான சட்டை என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தம்பி நல்லவன், அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாங்கிக்கொண்டு காப்பி போட்டுக் கொடுத்தேன். பிள்ளைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பழைய சட்டை கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்தேன். அம்மா அனுப்பியதை விளக்குக் கண்ணாடி துடைக்க வைத்துக்கொண்டேன், நன்றாகத் துடைத்தது.

இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வரிசை இல்லை, சிக்னல் கம்பத்தில் ஏறி விளக்கேற்ற ஆளும் வேண்டாம். அப்பாவும் அம்மாவும் அத்தையும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. கிள்ளானில் அந்த மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் கடைகள் நிற்கின்றன. போன மாதம் என் கடைசி மகள் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டினாள். சக்கரம் வைத்த பை, உள்ளே எல்லாம் புதுசு, பிள்ளைச் சட்டையில் விலைச்சீட்டுகூட அறுக்கவில்லை. முதலில் பழசுதான் போட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "பழைய துணில கிருமி இருக்கும்மா" என்றாள். அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது பையின் அடிவரை கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். அவளுடைய மூத்த பெண்ணின் துணி எதுவும் உள்ளே இல்லை. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பங்சாரில் அவள் வாங்கச் சொன்ன சாமான்களுக்காகக் கடைக்குப் போனோம். சின்னச் சின்னப் பொட்டலமாகத் தவிடு கட்டி, மனிதர்கள் தின்பதற்கென்று, அலமாரியில் அழகாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். உடம்புக்கு நல்லதாம், பாலில் போட்டுச் சாப்பிட வேண்டுமாம், மகள் விளக்கிச் சொன்னாள். நான் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். பிரித்தால் ஒரு கைதான் இருக்கும்.

அவ்வளவு போதுமாயிருந்தது.