நாளைக்கு என்ன நடந்துச்சு?

தொண்ணூறுகளின் கடைசியில் சின்னமனூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. அடையாள அட்டை உண்டு, அதைச் சட்டைப்பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். செய்தியைக் கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். மத்தியான பஸ்ஸை விட்டால் மறுநாள் பேப்பரில் வராது. அதனால் திருவிழா, திறப்பு விழா எல்லாவற்றையும் நடப்பதற்கு முன்பே எழுதிவிடுவேன். வடம் பிடிப்பதற்குள் தேரை ‘பக்தர்கள் வெள்ளத்தில்’ நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்த பெருமை எனக்கு உண்டு. மழை பெய்தால் விவசாயிகள் மகிழ்ச்சி, பெய்யாவிட்டால் விவசாயிகள் கவலை. எந்த விவசாயியையும் நான் கேட்டதில்லை.

இத்தனைக்கும் என் தாய்மாமா விவசாயி. அக்கா மகன் பேப்பரில் எழுதுகிறான் என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். டீக்கடையில் என் செய்தியைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார்.

ஓராண்டு ஜூன் மாதம் அணையில் தண்ணீர் திறப்புக்கு அழைப்பிதழ் வந்தது. மலையேறிப் போய்வரச் சோம்பல்பட்டு, மதகைத் திறந்தார்கள், மலர் தூவினார்கள், விவசாயிகள் மகிழ்ச்சி என்று எழுதி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மேலே மழை ஏமாற்றியதால் விழாவையே தள்ளிவைத்துவிட்டார்கள். மறுநாள் பேப்பர் வந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. அதுதான் நான் செய்த பெரிய தப்பு. அந்த இரண்டு நாளில் மாமா விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கே வந்தார். “வாய்க்காலுக்கு எப்பத்தான் தண்ணி வரும் மாப்ள?”

தள்ளிவைத்ததைச் சொன்னேன்.

“பூவெல்லாம் தூவுனாகன்னு போட்டிருந்துச்சே,” என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். முளைவிட்ட நெல்லை மாட்டுக்குக் கொட்டினார்.

அடுத்த வருஷத்திலிருந்து மாமா செய்தியைப் படித்துவிட்டு, வாய்க்காலில் இறங்கிக் காலை நனைத்துப் பார்த்த பிறகே விதையை ஊறவைத்தார். டீக்கடையில் என்னைக் கண்டதும், “என்ன நிருபரே, நாளைக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்கத் தொடங்கினார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

பிறகு செல்போன் வந்தது, எங்கள் பேப்பருக்கு இணையதளமும் வந்தது. இனி நடந்த பிறகே எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் ஆபீசிலிருந்து, “அடுத்தவன் போட்டுட்டான், நீங்க என்ன பண்றீங்க?” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த பஸ்ஸாவது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் புறப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்குத் தேனியில் பித்தப்பை ஆபரேஷன். மாமாவைத் தூக்கி வளர்த்தவர் அம்மா. காய்ச்சலில் படுத்திருந்ததால் மாமாவால் வர முடியவில்லை, காலையிலிருந்து போன் மேல் போன். அவர் தவிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நர்ஸ் சொன்னதுமே கூப்பிட்டேன்.

“ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிருச்சு மாமா.”

“டாக்டர் வெளிய வந்துட்டாகளா?”

நான் கதவைப் பார்த்தேன். மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இப்ப வந்துருவாக மாமா.”

“அங்கன பக்கத்துல வேற யாராச்சும் இருந்தா போனைக் குடு மாப்ள,” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்கு முகமெல்லாம் சுட்டது.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அவரிடம் போனை நீட்டினேன். “இல்லைங்க, லைட்டு இன்னும் எரியுது,” என்று அவர் சொன்னார். மாமா அவரை நம்பினார். முடிந்ததும் அவரே தனக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்றார்.