ராமபத்ரன் அகராதியைத் திறந்த நாள்

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ராமபத்ரன் ஹெட் கிளார்க். கல்பாத்திக்காரர். இருபத்தாறு வருஷத்தில் துரைக்கு ஒரு மறுசொல் சொன்னதில்லை. இங்கிலீஷில் அவரை அசைக்க ஆளில்லை என்று தோட்டமே சொல்லும். அவரும் அதை நம்பினார், பாவம்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்துப் பேர்ப்பதிவில் இருக்கவேண்டும். அதற்கு அளவுகோல் ஒரே இங்கிலீஷ் சொல்: ‘ஏபிள்-பாடீட்’. ராமபத்ரன் அதை ‘அங்கக் குறையில்லாதவர்’ என்று தமிழில் எழுதி ஆபீஸ் பலகையில் ஒட்டுவார். ஏன் என்று கேட்க நாதியில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் அழகுத்தாயின் பேரை அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆலை உருளையில் இரண்டு விரல் போனவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். பேரை அடித்தால் மூன்று பேரும் நடுத்தெருவில். ஆனால் மிச்சமிருந்த எட்டு விரலால் அவள் மற்றவர்களுக்குச் சமமாகக் கொழுந்து கிள்ளுவதை ராமபத்ரன் கண்ணால் பார்த்திருந்தார். பேனா ஓடவில்லை. மனசு கேட்காமல், மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தடித்த அகராதியைத் திறந்தார்.

விரலைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. ‘ஏபிள்’, பிடிப்பது என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்ததாம். கைக்கு வாகானது, காரியத்துக்கு உதவுவது. கப்பல் வேலை தெரிந்த மாலுமியையும் அந்தச் சொல்லால்தான் அழைத்தார்களாம். வேலைக்கு ஏற்ற உடம்பு, அவ்வளவுதான்.

அடக் கடவுளே! நேரே துரையின் அறைக்குப் போனார். அகராதியை மேஜைமேல் விரித்து, அவள் கிள்ளும் கொழுந்தின் எடையையும் சொன்னார். துரை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, அவள் பேர் இருக்கட்டும் என்றார்.

சாயங்காலம் ராமபத்ரனே லயத்துக்கு நடந்தார்.

“அழகுத்தாய், நீ போகண்டாம். அந்த வார்த்தைக்கு வேலைக்கு ஏத்த உடம்புன்னுதான் அர்த்தமாக்கும். இன்னிக்குத்தான் புஸ்தகத்தைப் பார்த்தேன்.”

அவள் கும்பிட்டாள். பிறகு முகம் மாறியது.

“சாமி, போன வருசம் எங்கண்ணன் இருளப்பன் பேரை அடிச்சீகளே, காலை இழுத்து நடக்குறான்னு. அதுவும் இதே வார்த்தைதானா?”

“ஆமாம்.”

“காலை இழுத்துக்கிட்டே தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுனாரே சாமி! லயத்தை விட்டு எறக்கிவிட்டீக, கம்பத்துச் சந்தையில அநாதையாக் கெடந்து செத்தாரு. அன்னைக்கு ஏன் சாமி புஸ்தகத்தைப் பாக்கல?”

ராமபத்ரன் ஆபீசுக்குத் திரும்பி நடந்து, தாம் எழுதி ஒட்டிய ‘அங்கக் குறையில்லாதவர்’ தாளைப் பலகையிலிருந்து கிழித்தார்.