சொல்லாமல் விட்ட ஆமென்

டீச்சரம்மா வீட்டில் நடக்கிற எங்கள் ஜெபக் கூட்டத்தில் மணிக்கணக்காக ஜெபிக்கிறவர்கள் இருந்தார்கள். அழுதுகொண்டே ஜெபிக்கிறவர்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டுவதற்கென்றே கண்ணை மூடுகிற ஒருத்தியும் இருந்தாள். இத்தனை பேருக்கும் நடுவில் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தைதான். யார் எதை வேண்டிக்கொண்டாலும் கடைசியில் "ஆமென்!" என்பார். அந்தச் சத்தத்தில் அலமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கும். தெருவே அவரை ஆமென் அண்ணன் என்றுதான் கூப்பிட்டது.

நான் தையல்காரி. அதே தெருவில் என் கடை. எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். ஆகையால் அவர் கதையை நான் அடக்க ஒடுக்கமாகச் சொல்வேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அண்ணன் முன்பு சந்தையில் மூட்டை தூக்கினவர். கூடவே, கூலி வாங்கிக்கொண்டு ஆளை அடிக்கிற வேலையும் பார்த்தவர். இடது காதில் பாதி கிடையாது. எவனோ கடித்துத் துப்பிவிட்டான். "கடிச்சவனுக்கு ஒண்ணும் ஆகலையாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன். "முன்வரிசைப் பல்லு அத்தனையும் போச்சு. பாதிக் காதுக்கு அது லாபம்தானே?" என்றார். அப்புறம் ஒருநாள் இவர் அடித்த ஆளின் தம்பிகள் கூடி வந்து, கடப்பாரையால் இவர் காலை ஒடித்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். அவர் தினமும் காலையில் தியானப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தைச் சத்தமாக வாசிப்பாராம். "கால் நல்லா இருந்திருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பேன். கட்டுப் போட்டுத் தொங்க விட்டிருந்தாங்க, என்ன பண்றது, கேட்டேன்" என்பார் அண்ணன். அந்தப் பெரியவர் அங்கேயே இறந்துபோனார். கட்டுப் பிரித்ததும் அந்தப் புத்தகத்தைப் பெரியவர் வீட்டில் கொடுக்க வந்த அண்ணன், அவருடைய மனைவி டீச்சரம்மா நடத்துகிற கூட்டத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். பிறகு ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

"கையை ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்துட்டேன்" என்று ஒரே ஒருமுறை சாட்சி சொன்னார். அதற்கப்புறம் அவர் யாரையும் அடித்ததில்லை. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. ஜெபத்தில் கண்ணை மூடமாட்டார்.

"கண்ணை மூடுங்க தம்பி" என்று டீச்சரம்மா கண்டிப்பார்.

"மூடினா அடி எந்தப் பக்கம் இருந்து வரும்னு தெரியாது டீச்சரம்மா."

"ஜெபக் கூட்டத்துல உங்களை யாரு அடிக்கப் போறா!"

எல்லோரும் சிரிப்போம்.

டீச்சரம்மாவிடமும் ஒரு பழக்கம் இருந்தது. ஆண்டவருக்கு எல்லாவற்றையும் விவரமாகச் சொல்ல வேண்டும் அவருக்கு. யாராவது நோயில் படுத்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி, ஜன்னலோரமா கதவோரமா, சர்க்கரை எவ்வளவு என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். "ஆண்டவர் என்ன தபால்காரரா?" என்று நான் முணுமுணுப்பேன். ஆனாலும் ஜெபக் குறிப்பு கொடுத்தவர்களுக்கு அது ஆறுதல்தான். நம் வலி ஒருவருக்கு இவ்வளவு நுணுக்கமாக ஞாபகம் இருக்கிறதே என்று கண் கலங்கிவிடுவார்கள்.

என் கடையில் காஜா எடுக்கிற ஒருத்தி இருந்தாள், அவளும் எங்கள் கூட்டத்துக்கு வருகிறவள்தான். சட்டைக்குப் பொத்தான் துளையை அவளைப்போல யாராலும் தைக்க முடியாது. அச்சடித்தது மாதிரி இருக்கும். அவள் புருஷன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். அவன் அடிப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். அடிப்பது என்றால் கன்னத்தில் ஒன்று வைப்பது அல்ல. கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதுவான். வயிற்றில் மிதிப்பான். கர்ப்பம் ஒன்று அப்படித்தான் கலைந்தது.

ஒருநாள் காலையில் வலது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். பிரித்துப் பார்த்தேன். நான்கு விரலும் கறுத்து, வீங்கி, நகம் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அண்ணன் என் கடையில்தான் இருந்தார், ஷட்டரைப் பழுது பார்த்துக்கொண்டு.

"வேன் கதவா?" என்று கேட்டார்.

அவள் தலையாட்டினாள். "கையை அங்க வைடீன்னு சொன்னான்ணே. வைக்கலைன்னா கொன்னுடுவேன்னான். வெச்சேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளைத் திருப்பி அனுப்பவில்லை. கடைக்கு மேலே ஒரு சின்ன அறை உண்டு, துணிமூட்டை போடுகிற இடம். வெளிப்பக்கமாக ஒரு இரும்புப் படி, அண்ணன் செய்து கொடுத்ததுதான், ஒரு ஆள் மட்டும் ஏறுகிற அகலம். அங்கே அவளை வைத்தேன். சாயந்திரம் யாரும் சொல்லாமலே அண்ணன் மேலே போய், அந்த அறையின் தகரக் கதவுக்கு உள்பக்கம் கட்டைவிரல் கனத்தில் ஒரு தாழ்ப்பாளைப் பற்றவைத்துவிட்டு வந்தார். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளோ மேலே தனியாகக் கிடந்து துவண்டு போனாள். கூட்டம் இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. காலையில் டீச்சரம்மாவுக்குப் போன் போடுவாளாம். அவர் அந்தப் பக்கத்தில் தியானப் பகுதியை வாசிக்க, இவள் இந்தப் பக்கத்தில் வாசிக்க, இரண்டு பேரும் சேர்ந்து ஜெபிப்பார்களாம். அதில்தான் அவள் உயிரோடு இருந்தாள். ஒருநாள், "தையலக்கா கடை மாடியில இருக்கேம்மா, பயமா இருக்கு, எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதில் அவள் மேல் என்ன தப்பு? ஜெபிக்கத்தானே கேட்டாள்.

அந்த வாரக் கூட்டத்துக்கு வேன்காரன் வந்தான். தலையை வழித்துச் சீவி, வெள்ளைச் சட்டை, கையில் வேதப்புத்தகம். டீச்சரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கர்த்தர் ஒரு ஆத்துமாவைக் கொண்டு வந்திருக்கார்!" என்று முன்வரிசையில் உட்கார வைத்தார். வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜெபக் குறிப்பு கேட்கிற நேரம் வந்தது. ஒருவர் மகன் வேலைக்கு, ஒருவர் முட்டு வலிக்கு. இவன் எழுந்தான்.

"என் வீட்டுக்காரி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. எங்க இருக்கான்னு தெரியல. சோறு இறங்கல. அவ திரும்பி வரணும், அதுக்கு எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க" என்றான். குரல் தழுதழுத்தது. நடிகன் கெட்டான் போங்கள்!

"ஆமென்" என்றார்கள் எல்லோரும். அலமாரிக் கண்ணாடி அதிரவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

டீச்சரம்மா கண்ணை மூடி ஆரம்பித்தார். மனசு உருகினால் அவர் வாய் யார் பேச்சையும் கேட்காது, அவர் பேச்சைக்கூட. "ஆண்டவரே, இந்த மகனுடைய கண்ணீரைப் பாரும். அந்த மகளையும் பாரும். தையல்கடை மாடியில, துணிமூட்டைக்கு நடுவுல, நசுங்கின கையோட தனியா அழுதுக்கிட்டு இருக்காளே தகப்பனே…"

நான் கண்ணைத் திறந்தேன். அறையில் அத்தனை பேரும் கண் மூடியிருந்தார்கள். என்னைத் தவிர திறந்திருந்தவை இரண்டு ஜோடிக் கண்கள்தான். வேன்காரன் மெதுவாகத் தலையைத் தூக்கியிருந்தான். எதிரே ஓரத்தில் அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரும் கேட்டுவிட்டார் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. வேதப்புத்தகத்தை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினான். அண்ணன் எழுந்த வேகத்தில் இரண்டு நாற்காலிகள் சாய்ந்தன. "எந்திரிங்க! அவன் கொன்னுடுவான்!" என்று கத்திக்கொண்டு நானும் ஓடினேன்.

என் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் வந்திருந்தேன். மாடிப்படி உள்ளே இருக்கும் என்று நினைத்து அவன் குனிந்து கடைக்குள் நுழைந்தான். படி இல்லை. மேசையில் கரி போட்டுத் தேய்க்கிற பழைய இஸ்திரிப் பெட்டி இருந்தது, முழு இரும்பு. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அதற்குள் அண்ணன் கடையைச் சுற்றி வந்து படியில் ஏறி, பாதியில் திரும்பி, இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"வழிய விடுறா" என்றான் வேன்காரன்.

அண்ணன் பிடியை இன்னும் இறுக்கினார். முதல் அடி நெஞ்சில் விழுந்தது. இரண்டாவது தோளில். எலும்பு முறிகிற சத்தம் கீழே நின்ற எனக்குக் கேட்டது. அவர் கையை எடுக்கவில்லை. "கட்டினவ என்னோடவடா! நான் அடிப்பேன், கொல்லுவேன், உனக்கென்னடா?" என்று கத்திக்கொண்டே முகத்தில் ஓங்கி அடித்தான். தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. இரத்தம் படி வழியாக ஒழுகி வந்தது. அப்போதும் அவர் பிடியை விடவில்லை. மேலே தாழ்ப்பாள் அசைகிற சத்தம். "கதவைத் தெறக்காதடி! செத்தாலும் தெறக்காத!" என்று அலறினேன்.

நான் கையை யாருக்கும் ஒப்புக்கொடுத்தவள் அல்ல. கடையில் துணி அளக்கிற இரும்புக் கோல் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு படியேறி, பெட்டியை ஓங்கின அவன் மணிக்கட்டில், கோலின் விளிம்பால் ஒன்று போட்டேன். பெட்டி விழுந்தது. முழங்காலில் ஒன்று. நான் கைப்பிடியோடு ஒட்டிக்கொள்ள, அவனும் என்னைத் தாண்டி உருண்டு கீழே விழுந்தான். ஓடி வந்த விசுவாசிகள் என்னைப் பிடித்து இழுக்கும்வரை அடித்தேன். அதற்காக நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

அவனைப் போலீஸ் கொண்டுபோனது. அண்ணனின் இரண்டு கையையும் கைப்பிடியிலிருந்து விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுத்தோம்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். வாய் திறக்க முடியாது. குழாய் வழியாகக் கஞ்சிதான். கூட்டத்தில் எல்லோரும் அவரைப் புகழ்ந்து தள்ளினார்கள். "திருப்பி ஒரு அடி அடிக்கலையே, என்ன சாந்தம்!" என்று முட்டுவலிக்காரர் கட்டில் பக்கத்தில் நின்று உருகினார். அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். இரண்டு முஷ்டியையும் தூக்கிக் காட்டினார், கைப்பிடியைப் பிடிக்கிற மாதிரி. பிறகு ஒன்றை விரித்து, மேலே ஏறிப்போகிற மாதிரி விரலால் நடந்து காட்டினார். ஒரு கையை எடுத்திருந்தால் அவன் மேலே போயிருப்பான், அவ்வளவுதான்.

டீச்சரம்மா ஒரே நாளில் கிழவியாகிவிட்டிருந்தார். காஜாக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் நாக்கை அறுத்துப் போடணும்டி" என்று அழுதார். அவள்தான் அவரைத் தேற்றினாள். ஜெபிக்கலாம் என்றார்கள். டீச்சரம்மா ஆரம்பித்தார். "ஆண்டவரே, இந்த ஆஸ்பத்திரியில, ரெண்டாவது மாடியில…"

"டீச்சரம்மா," என்றேன், "அவருக்கு வழி தெரியும்."

அவர் கப்பென்று நிறுத்தினார். ஆனாலும் பழக்க தோஷம் விடவில்லை, "அந்த மகனும் மனந்திரும்பி, பிரிஞ்ச குடும்பம் மறுபடி ஒண்ணா சேர கிருபை செய்யும்" என்று முடித்தார். எல்லோரும் வாய்க்குள் ஆமென் என்றார்கள். நான் சொல்லவில்லை. கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஜெபிக்கட்டுமா?" என்றாள் காஜாக்காரி. அவள் கூட்டத்தில் ஒருநாளும் வாய்விட்டு ஜெபித்ததில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமலே சொன்னாள்.

"ஆண்டவரே, அவன் திருந்துறதும் திருந்தாததும் உம்ம பாடு. நான் அவன்கிட்டத் திரும்பிப் போகமாட்டேன். இந்தக் கை ஆறணும், நான் காஜா எடுக்கணும். அவ்வளவுதான்."

இப்படி ஒரு ஜெபத்துக்கு ஆமென் சொல்லலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தடாரென்று ஒரு சத்தம். அண்ணன் கட்டிலின் இரும்புக் கம்பியில் முஷ்டியால் ஓங்கிக் குத்தியிருந்தார். மறுபடியும் குத்தினார். மருந்துச் சீசாக்கள் கிடுகிடுத்தன. வார்டு முழுக்க எழுந்து பார்த்தது.

நர்ஸ் ஓடி வந்தாள். "என்னங்க இது, என்ன ஆச்சு இவருக்கு?"

"ஒண்ணும் ஆகலம்மா," என்றேன். "ஆமென் சொல்றாரு."