போதும் என்றால் எடுத்துவிடுகிற ஓட்டல்

இத்தாலிக்காரச் சாப்பாடு எப்படி இருந்தது என்று தெருவில் இன்னும் கேட்கிறார்கள். தட்டு நன்றாக இருந்தது என்று சொல்கிறேன். பொய் இல்லை. எங்கள் பூஜைத் தாம்பாளத்தைவிடப் பெரிய தட்டு. நடுவில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தின் அடியில் தேடினால் சாப்பாடு.

நான் அங்கே ருசி பார்க்கப் போகவில்லை. என் பெண்ணும், டெக்னோபார்க்கில் அவளோடு வேலை பார்க்கிற பையனும் கல்யாணம் செய்துகொள்வதாகத் தங்களுக்குள் தீர்மானித்திருந்தார்கள். எங்களுக்குச் சம்மதம். பையனின் அப்பாவுக்கும் சம்மதம். அவன் அம்மா மட்டும் பிடி கொடுக்கவில்லை. நாகர்கோவிலில் பெரிய குடும்பத்துக்கு ஒற்றைக் கையால் வடித்துக் கொட்டியவள். "ஆபீஸ் போற பொண்ணு. வந்தவாளுக்கு ஒரு வாய் காபி குடுக்கத் தோணுமோ என்னமோ" என்று சொன்னாளாம். அவள் வாயிலிருந்து 'ஆகட்டும்' என்று ஒரு வார்த்தை வாங்கத்தான் அந்த விருந்து.

கரமனையில் எங்காத்திலேயே இலை போட்டுவிடலாம் என்றேன். பெண் கேட்கவில்லை. "அம்மா, சாம்பாரும் பாயசமும் அவா பாக்காததா? நான் நல்ல இடமா அழைச்சுண்டு போறேன். முட்டைகூட இல்லாம சைவமாப் பண்ணச் சொல்லியாச்சு."

நல்ல இடம்தான். ஜன்னலுக்கு வெளியே சமுத்திரம், உள்ளே மார்கழிக் குளிர். பையனின் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். கறுப்புக் கோட்டுப் போட்ட மேற்பார்வைக்காரர் வந்து நின்று, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஜாதகம் வாசித்தார். இந்தப் பூசணிக்காய் எந்தக் குன்றில் விளைந்தது, இந்த எண்ணெய் எந்த ஊர் ஆலிவில் பிழிந்தது என்று. சாலைக் கடைத்தெருவில் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவள் நான். அதன் பூர்வோத்தரத்தை யார் கேட்டார்கள்? அவர் வாசித்து முடிப்பதற்குள் சூப் ஆறிவிட்டது.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம். விருந்துக்குப் போன இடத்தில் முதல் தரம் கேட்டதும் 'போதும்' என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் இலையைக் கையால் மறைக்க வேண்டும். பரிமாறுகிறவள் அந்தக் கை இடுக்கில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அப்புறம்தான் சாப்பாடே ஆரம்பம். எங்கள் தெருக் கல்யாணச் சமையல்காரர் சொல்லுவார்: "விருந்தாளியோட வாயைக் கேக்காதே, வயித்தைக் கேட்டுப் போடு."

அந்த ஓட்டலில் வாயைத்தான் கேட்கிறார்கள், அதுவும் ஒரே ஒரு தரம். ரொட்டிக் கூடையோடு வந்தார்கள். பையனின் அம்மா மரியாதையாக "போதும்" என்றாள். கூடை போயிற்று. பூசணிக்காய்ப் பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று, தட்டுக்கு மூன்று வந்தது. ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, யாராவது உபசாரம் செய்வார்கள் என்று அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "மதியோ, மேடம்?" என்று, போதுமா என்பதை மலையாளத்தில் கேட்டார் பரிமாறுகிறவர். அவள் வழக்கப்படி தட்டின்மேல் கையை வைத்து மறைத்தாள். அவர் தலை குனிந்து, அவள் கையை மெதுவாக விலக்கி, மீதி இரண்டோடு தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவள் தன் புருஷனிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. "போட்டதையும் எடுத்துண்டு போறா. இதான் இவா மரியாதையா?"

என் பெண் காதில் விழவில்லை. அவள் பையனோடு ஆபீஸ் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் ஆத்துக்காரர் ஆலிவ் எண்ணெயை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தேன். அதில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாயிற்று. பசியோடு நாகர்கோவில் பஸ் ஏறுகிறவள் 'ஆகட்டும்' என்று சொல்லவா போகிறாள்?

அடுத்தது குங்குமப்பூப் போட்ட சாதம். குழைய விட்டுவிட்டு அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். எங்காத்தில் அப்படிக் குழைந்தால் காய்ச்சல்காரனுக்குத்தான். தட்டில் ஒரு கரண்டி, மேலே ஒரு இலைத் துணுக்கு. நான் எழுந்துபோய், இதைப் பாத்திரத்தோடு கொண்டுவாருங்கள், ஒரு கரண்டியும் வேண்டும் என்று கோட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அப்படிச் செய்யிற வழக்கம் இவிடே இல்லை, மேடம். ஷெஃப் தட்டில் அலங்கரிச்சுத்தான் தருவார்."

"அலங்காரம் சாமிக்குப் பண்ணுங்கோ. எங்களுக்குச் சாதம் போதும்."

அம்மா, உக்காரேன் என்று என் பெண் பல்லைக் கடித்தாள். நான் உட்காரவில்லை. கோட்டுக்காரர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். செம்புப் பாத்திரம் வந்தது.

தலைப்பைச் செருகிக்கொண்டு முதலில் அந்த அம்மாளிடம் போனேன்.

"போதும் மாமி, எனக்கு இறங்காது."

போட்டேன்.

"ஐயோ, என்னத்துக்கு இவ்வளவு?" கை தட்டின்மேல் வந்தது. விரல் இடுக்கில் இன்னொரு கரண்டி போட்டேன். அவள் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஐந்தாறு கவளத்துக்கு அப்புறம்தான் நிமிர்ந்தாள். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். அந்த மேஜையில் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. சாப்பிடுகிறவள்தானே உப்பைப் பற்றிப் பேசுவாள்.

பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும், அவர்கள் தட்டிலும் ஒன்றும் இல்லை.

பெண்ணின் பக்கம் வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. கோபத்தில் தட்டைத் தள்ளி என் மானத்தை வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தட்டை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினாள். "நன்னாப் போடும்மா. எனக்குப் பசி பிராணன் போறது."

எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசுகிற இடத்தில் எந்தப் பெண்ணும் அப்படிச் சொல்ல மாட்டாள். போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பையனின் அம்மா ஸ்பூனை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். "வெக்கமில்லாமக் கேக்கறியே" என்றாள்.

"கேட்டாத்தானே தருவா, மாமி? உங்களுக்கும் பசிச்சிருக்குன்னு நேக்குத் தெரியாமப் போச்சு. சொல்லியிருக்கப்படாதா?"

"நான் முப்பது வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்லே" என்றாள் அந்த அம்மாள். அப்புறம் கையை நீட்டி என்னிடமிருந்து கரண்டியை வாங்கினாள். மீதி இருந்ததை வழித்து என் பெண்ணின் தட்டில் போட்டாள். போட்டுக்கொண்டே, தலையைத் திருப்பாமல் தன் புருஷனிடம் சொன்னாள்: "தை மாசத்துல மண்டபம் கிடைக்குமான்னு கேட்டு வையுங்கோ."