ஆத்தா ஊர்வலத்த வெட்டுன கத

உனக்கின்னாத்துக்குமே அந்தக் கத? ஒரு பகல் பூரா நான் செவுத்தாண்ட மாட்டிக்கினு கெடந்தத எவ சொன்னா உனக்கு? சரி, உக்காரு. ரொம்பப் பல்லக் காட்டுனா பாதியிலயே நிறுத்திடுவேன்.

எம்மவன் கேரளாவுல கட்டட வேலையில கீறான். இந்த வருசம் ஆத்தா கோயில் திருநாவுக்கு லீவு கெடைக்கல. "ஆத்தா நம்ம வூட்டாண்ட வர்றதயாவது கண்ணுல காட்டும்மா"ன்னு போன்ல அழாத கொற. எம்மருமவ ஊர்வலத்த துண்டு துண்டா போன்ல வீடியோ புட்ச்சி வெச்சிருந்தா. அத்தயெல்லாம் ஒண்ணா ஒட்டி பென்டிரைவுல போட்டுக் குடுக்கணும். எங்க கொழுந்தனாரும் அவன்கூடதான் வேல செய்யறாரு. அன்னிக்கு அஞ்சு மணி பஸ்ஸுக்கு அவரு கெளம்பறாரு.

ஒட்றதுக்கு லேப்டாப்புல சாப்ட்வேர் வேணுமாம். ஆலங்காயத்துக் கடையில மூணு ஏத்திக்கினு வந்திருந்தா. லேப்டாப்பு அவ படிக்கிறப்ப கவருமெண்டு குடுத்தது. பேட்டரி செத்துப் பல வருசம் ஆவுது.

மொத சாப்ட்வேரு சினிமாக்காரங்க வெச்சிக்கிறதாம். தொறந்ததும் லேப்டாப்பு மூச்சு வாங்குச்சி, அப்பிடியே நின்னுட்ச்சி. "இதுக்குப் பெரிய லேப்டாப்பு வேணும் அத்தே"ன்னா. ரெண்டாவது நல்லாத்தான் ஓடுச்சி. ஆனா காசு கட்டலன்னு அவன் கம்பெனி பேர ஆத்தா மூஞ்சி மேலயே எழுதிட்டான். "இத்த எம்மவன் கும்புட்டா கம்பெனிய கும்புட்ட மாதிரிதான்"னேன். மூணாவது சின்னது. பாக்க ஒண்ணும் இல்ல, பேரும் எழுதல.

அங்கதான் என் வாயி சும்மா இல்ல. அவ ஊர்வலத்துல ஒரு துண்ட வெட்டி எடுக்கப் போனா. "இன்னாமே பண்ற? ஆத்தா கெளம்பி வர்றப்ப குறுக்கால ஒரு ஆளு போவக் கூடாது. நீ நடுவுல வெட்றியே!"

"ஒன்றர மணி நேரம் கீது அத்தே. இந்த லேப்டாப்பு தாங்காது."

"தாங்கும். வெட்டாத."

அவ சிரிச்சா பாரு, அப்பவே நான் உசாராயிருக்கணும். "அப்ப செவுத்துல சொருவுன சார்ஜர் பின்னு கழலாம நீங்களே புடிங்க. லூசு அது. கைய எடுத்தீங்க, மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

புட்ச்சேன். காலு மரத்துச்சி, முதுவு அரிச்சிச்சி. வாயில வெத்தல, துப்பப் போவ முடியல. கோழி உள்ள வந்து காயப் போட்ட சாமைய என் எதுருலயே கெளர்றது. வெரட்டக் கூட கை இல்ல. வாயில எச்சி, சத்தமும் போட முடியல. கோழி என்னயப் பாக்குது, நான் கோழியப் பாக்குறேன்.

மணி ரெண்டு. "ஒட்டி முடிக்க இன்னும் நாலு மணி நேரம் காட்டுது அத்தே"ன்னா. கைய வுட்டாலும் போச்சு, வுடலன்னா பஸ்ஸு போச்சு. எம்மவன் மூஞ்சி கண்ணு முன்னால வந்து நின்னுச்சி. நான் போட்ட சட்டத்துல நானே கட்டுண்டு கெடக்குறேன். அவ என் வாயவே பாக்குறா.

வெத்தலய முழுங்கிட்டுச் சொன்னேன்: "ஏம்மே, ஆத்தா நடக்குறப்பதானே வெட்டக் கூடாது? வூட்டுக்கு வூடு தண்ணி ஊத்தி சூடம் காட்றப்ப நிக்கிறா இல்ல? நிக்கிறத எட்த்துடு."

"எல்லா வூட்டாண்டயுமா?"

"நம்ம வூட்ட வுட்டுட்டு."

எட்த்தா. ஒன்றர மணி ஊர்வலம் அர மணி நேரமா கொறஞ்சிச்சி. மறுபடியும் அந்தச் சார்ஜர் பின்னயே புட்ச்சேன். நாலரைக்கு முடிஞ்சிச்சி. பஸ்ஸு கெளம்புறப்ப ஜன்னல் வழியாக் குடுத்துட்டு ஓடியாந்தா. ரெண்டு நாள் கழிச்சி எம்மவன் போன் பண்ணான். "அம்மா, நம்ம வாசல்ல..."ன்னுட்டு மறுபடியும் அதயே போட்டுப் பாத்தான்.

ஆனா அவனோட ரூமுல நம்ம ஊரு ஆளுங்க ஆறு பேரு, அத்தப் பாத்துட்டு வூட்டுக்குச் சொல்லிட்டானுங்க. அவங்க பொண்டாட்டிங்க எல்லாம் எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னாளுங்க. "ஊரு பூரா ஆத்தா நிக்காம ஓடுது, உங்க வூட்டாண்ட மட்டும் அம்மாம் நேரம் நிக்குதே, எப்பிடி?"

"நிக்கிறதத்தான் எட்த்துட்டோமே. உங்க வூட்டாண்ட எல்லாம் நின்னா. எங்க வூட்டாண்ட வந்து உக்காந்துட்டா, நான் இன்னா பண்ணட்டும்?"ன்னேன்.