குடியிருந்து பார்த்தவர்

அந்தக் கட்டடக்கலைக் கல்லூரியில் பிள்ளைகள் வரைபடங்களை ஒப்படைக்கும் நாளில், மாலை ஐந்து மணிக்குக் கூடத்தின் கதவைப் பூட்டிவிட வேண்டும். பூட்டிய பிறகு வந்தால் மதிப்பெண் கிடையாது. பூட்ட வேண்டியவர் சாவிக்காரர். மணி அடித்ததும் எழுந்து கதவருகே போவார். சட்டைப் பையைத் தடவுவார். மேசை இழுப்பறையைத் திறந்து பார்ப்பார். நாற்காலிக்கு அடியில் குனிவார். "இங்கதானே வெச்சேன், எங்க போச்சு" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். அதற்குள் கடைசிப் பிள்ளையும், பசை காயாத அட்டை வீட்டைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு, மூச்சிரைக்க உள்ளே ஓடிவிடும். உடனே சாவி கிடைத்துவிடும். அது அவருடைய இடுப்பு பெல்ட்டில், ஒரு சாண் வளையத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அவர் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த அன்று அவர் மனைவி இதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருந்து கேட்டாள்.

"ஏங்க, சாவி இடுப்புல தொங்குது. நீங்க நாற்காலிக்கு அடியில தேடுறீங்க."

"கண்ணாடி இல்லைல்ல, அதான்."

"கண்ணாடியைக் குடுத்ததுக்கு அப்புறமும் தேடுனீங்க."

"தொடைச்சுப் போடணும்ல" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

அவர் அப்படித்தான். எதையும் குறை சொல்லி அவள் கேட்டதில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டால், "இன்னைக்கு உப்பு அடக்கமா இருக்கு" என்பார். சட்டை முதுகில் கிழிந்தால், "காத்து நல்லா வருது" என்பார். கடவுள் கொடுத்த வாயால் கடவுள் படைத்ததைப் பழிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அதனால் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே குறை சொல்ல வேண்டியிருந்தது. கையில் பிடித்த வேலையைப் பாதியில் விடுகிறவள் அல்ல அவள்.

இருவரும் இருந்தது மூன்றாவது மாடியில் ஒரே ஓர் அறை. ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவர் எழுந்து இடம் விட வேண்டும். இப்படி இருக்கும்போதுதான், கல்லூரிக் கடைநிலை ஊழியர்களுக்காக நாற்பது வீடுகள் கட்டப்போவதாகச் செய்தி வந்தது. வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் ஆயுள் முழுக்க அதிலேயே இருக்கலாம். ஏழாம் எண் சாவிக்காரருக்கு. அன்று அவள் கண்ணை மூடிக் கைகூப்பி நின்ற நேரத்தில் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அதற்குக்கூட அவள் யாரையும் குறை சொல்லவில்லை.

ஆனால் வீடு சாதாரண வீடு இல்லை. புதுமை வீடு. பேராசிரியை ஒருவரும் அவருடைய மாணவர்களும் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்தது. நாற்பதும் கட்டுமுன் கல்லூரியின் பின்புறத்தில் மாதிரிக்கு ஒன்று கட்டினார்கள். அதில் ஒரு குடும்பம் முப்பது நாள் குடியிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். யார் போவது என்று கேட்டபோது எல்லாரும் சாவிக்காரரைக் காட்டினார்கள். சண்டை போடாத மனுஷர் அவர் ஒருவர்தானே.

வீட்டுக்கு நடுவே ஒரு சுவர். அதற்குச் சக்கரம் வைத்திருந்தார்கள். பகலில் தள்ளிவிட்டால் கூடம் பெரிதாகும், தூங்கும்போது இழுத்துவிட்டால் படுக்கையறை பெரிதாகும். சமையல் பக்கம் ஒரு பலகை. விரித்தால் மேசை, மடித்தால் சுவரோடு சுவர். சூடான காற்று மேலே ஏறி வெளியே போவதற்காக ஜன்னல்களை ஆள் உயரத்துக்கும் மேலே வைத்திருந்தார்கள். விளக்குச் செலவு மிச்சமாகக் கூரையில் தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடி வட்டம். கதவு தானாகச் சாத்தித் தானாகப் பூட்டிக்கொள்ளும். திருடனுக்குப் பயப்பட வேண்டாம், வெளியே இருந்தாலும் உள்ளே இருந்தாலும் சாவி போட்டால்தான் திறக்கும்.

"எவ்வளவு யோசிச்சிருக்காங்க பாரு" என்றார் சாவிக்காரர், உள்ளே நுழைந்ததும்.

"யோசிச்சதெல்லாம் சரி. பாத்திரத்தை எங்க வைக்கிறது?" என்றாள் அவள்.

முதல் மூன்று நாள் சுவர் மரியாதையாகத்தான் நின்றது. நிறுத்தி வைக்க அடியில் ஒரு மரக்கட்டை உண்டு. நான்காம் நாள் வெயிலில் கட்டை சுருங்கி நழுவியது. கழுவிய தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குச் சமையல் பக்கமாக வாட்டம் கொடுத்திருந்தார்கள். தண்ணீருக்குச் சொன்ன வழியைச் சுவரும் பிடித்துக்கொண்டது. அவள் அடுப்பில் கிளறிக்கொண்டிருப்பாள், முதுகில் ஏதோ தொடும். திரும்பினால் சுவர் நிற்கும்.

"என் மாமியார்கூட வர்றதுக்கு முன்னாடி ஒரு இருமல் இருமுவாங்க" என்று அவள் முறையிட்டாள். "இது சத்தமே இல்லாம வந்து பின்னால நிக்குது. இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்குற சுவரு."

"உனக்குத் துணையா வருது" என்றார் அவர்.

"நான் கும்பிட ஒரு மூலை வேணும்ல? காலைல இருந்த மூலை மத்தியானம் இல்ல. சுவரே நிக்க மாட்டேங்குது, சாமி எங்க நிக்கும்?"

அவரும் அந்தக் கவலையில்தான் இருந்தார். இரண்டு நாளாக வாசலில் நின்று தெருவைப் பார்த்தபடி கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மேசை, தட்டு வைக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு மடங்கியது. வாசலில் யார் வந்தது என்று ஜன்னல் வழியே பார்க்க முக்காலி போட்டு ஏற வேண்டியிருந்தது. கதவு அவளை ஒருமுறை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. சாவி கல்லூரியில் அவர் இடுப்பில். அன்று முதல் அவள் வாசலில் ஓர் அரைச் செங்கல்லை வைத்துக் கதவைச் சாத்த விடாமல் காவல் காத்தாள். கூரை வட்டத்தின் வழியே விழுந்த வெயில் மத்தியானத்தில் வீடு முழுக்க ஆளைத் தேடிக்கொண்டு நகர்ந்தது. அவருக்கு மட்டும் அது பிடித்திருந்தது. அந்த வட்டத்துக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, "முட்டிக்கு இதமா இருக்கு" என்பார்.

தினமும் காலையில் ஒரு மாணவி படிவம் கொண்டு வருவாள். அதில் முப்பத்தொரு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, விழுந்து புரண்டு அழுவதிலிருந்து வாய் கொள்ளாமல் சிரிப்பது வரை, ஐந்து முகங்கள். ஏதாவது ஒரு முகத்தில் கோடு போட வேண்டும். சாவிக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முப்பத்தொன்றுக்கும் சிரித்த முகத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிடுவார்.

பத்தாம் நாள் அதை அவள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, நேத்துதான் தட்டோட சாப்பாடு கீழ கொட்டுச்சு. மேசைக்குமா சிரிக்கிறீங்க?"

"அழுத மூஞ்சியில கோடு போட மனசு வரல. ஏற்கெனவே அழுதுக்கிட்டு இருக்கு."

"நடுவுல ஒண்ணு சும்மா உம்முன்னு இருக்கே, அதுல போடுங்களேன்."

"அது இன்னும் பாவம். அழவும் தெரியல, சிரிக்கவும் தெரியல."

உண்மைக் காரணம் அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும். படிவத்தை வாங்க நிற்கும்போது அந்த மாணவியின் முகம், ஐந்து மணிக்குக் கதவை நோக்கி ஓடி வரும் பிள்ளைகளின் முகம் மாதிரியே இருந்தது. அவர் வீட்டுக்கு மதிப்பெண் போடவில்லை, பிள்ளைக்குப் போட்டார்.

முப்பது நாளும் முடிந்தது. தொள்ளாயிரத்து முப்பது சிரித்த முகம். இப்படி ஒரு வீடு உலகத்தில் இருக்குமா என்று பேராசிரியைக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் ஒப்புதல் தர வேண்டிய குழுவுக்கு வரவில்லை. நாற்பது வீட்டையும் இதே மாதிரி கட்டிவிடலாம், மறுநாள் பதினொரு மணிக்கு நேரில் வந்து ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவள் அவரை வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஏழாம் நம்பர்ல நான் சாகுற வரைக்கும் சுவரோட மல்லுக்கட்டணுமா? நாளைக்கு நீங்க வாயைத் திறந்து சொல்றீங்க."

"அத்தனை பேர் முன்னாடி எப்படிம்மா? ரெண்டு வருஷம் உழைச்ச பிள்ளைங்க."

"அப்ப நாப்பது குடும்பம்?"

அன்று அவர் வெகுநேரம் கும்பிட்டார். என்ன கேட்டார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மறுநாள் குழுவினர் ஐந்து பேர் வந்தார்கள். தலைவர் கனத்த உடம்பு, பளபளக்கும் வழுக்கை. கூடவே பேராசிரியை. சாவிக்காரர் மனைவி அடுப்படியில் நின்றாள். சாவிக்காரர் வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். எல்லாரும் போன பிறகு அரைச் செங்கல்லைக் குனிந்து எடுத்தார்.

"கால் தடுக்கும்" என்றார்.

கதவு சாத்திக்கொண்டது. 'டக்' என்று பூட்டிக்கொண்டது. அவர் வெளியே நின்றுவிட்டார்.

தலைவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, "பிரமாதம்" என்றார். மேசையின் முன் உட்கார்ந்து, கோப்பை விரித்து, பேனாவைத் திறந்து, முழங்கையை ஊன்றினார். மேசை அவருக்கு வணக்கம் சொல்வது போல மெதுவாகக் குனிந்தது. கோப்பு, பேனா, அவள் வைத்த தேநீர், எல்லாம் அவர் மடிக்குப் போயின. அவர் பின்னால் நகரப் பார்த்தார். பின்னால் சுவர் வந்து நின்றது. நல்ல உச்சி வேளை ஆகிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து இறங்கிய வெயில் வட்டம், இத்தனை நாள் தேடிய ஆள் கிடைத்துவிட்டது போல, அவர் வழுக்கையில் ஏறி உட்கார்ந்தது.

"கதவைத் திறங்க" என்றார் தலைவர்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "சாவியைக் காணோம் ஐயா. தேடிக்கிட்டு இருக்கேன்."

அவள் நிமிர்ந்தாள். காலையில் பெல்ட்டில் அந்தச் சாவியை மாட்டிவிட்டதே அவள்தான். சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். திரும்பி அடுப்பைக் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

கால் மணி ஆயிற்று. ஏழு பேரின் மூச்சும் அடுப்பின் ஆவியும் ஜன்னலைத் தேடி மேலே போவதாகப் பேர், பாதி வழியிலேயே தங்கிவிட்டன. சுவர் எல்லாரையும் அடுப்படிக்கு ஒதுக்கிக் கொண்டுவந்தது. ஓர் உறுப்பினர் முக்காலியில் ஏறி ஜன்னல் வழியே பார்த்தார்.

"என்ன பண்றார்?" என்றார் தலைவர்.

"நல்லாத்தான் தேடுறார் ஐயா. முதுகுதான் தெரியுது. ஒவ்வொரு கல்லா புரட்டிப் பார்க்கிறார். ஒரு பொண்ணும் கூடத் தேடுது."

அந்தப் பெண் படிவ மாணவி. அவள் வாளிக்குள் தேடினாள், செடிக்குள் தேடினாள், அவருடைய இடுப்புப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. முதல் வருடத்தில் ஒருநாள் ஐந்து மணி தாண்டிப் பதினோரு நிமிடம் கழித்து ஓடி வந்தவள் அவள்.

தலைவர் வியர்வையைத் துடைத்தபடி அடுப்பருகே நின்றவளைப் பார்த்தார். "நீங்க எப்படிம்மா இங்க முப்பது நாள் இருந்தீங்க?"

இதற்காகவே காத்திருந்தவள் போல அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வீட்டைக் கட்டிப் பாருன்னு பெரியவங்க சொன்னாங்க ஐயா. கட்டிப் பார்த்தது இவங்க. குடியிருந்து பார்த்தது நாங்க. சொல்றேன், கேளுங்க. உங்களுக்கும் இப்ப வேற வேலை இல்லையே."

சொன்னாள். பேராசிரியை படிவங்களைத் திருப்பி, அவற்றின் பின்பக்கத்தில் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். எழுத எழுத அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு சுருங்கியது, சுவரைப் பற்றிச் சொன்ன இடத்தில் தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். அவள் சொல்லி முடித்துத் தண்ணீர் குடித்த நேரத்தில் கதவு திறந்தது.

கடைசியாக வெளியே வந்த பேராசிரியை, சாவிக்காரரின் பெல்ட்டைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"கிடைச்சுதா அண்ணா?"

"கிடைச்சுது மேடம்."

"எங்க இருந்துச்சு?"

"தேடாத இடத்துல."

"இத்தனை குறை இருக்கு, எல்லாத்துக்கும் சிரிச்ச முகத்துல கோடு போட்டிருக்கீங்களே?"

அவர் மாணவியைப் பார்த்தார். "பிள்ளைங்க நல்லாத்தான் செஞ்சாங்க மேடம். வீடுதான் கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு."

மாடி அறைக்குத் திரும்பியதும் அவர் நேரே போய்க் கும்பிட்டு நின்றார். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறாராம்.

"ஒரு பொய்யா? இருபத்தாறு வருஷமா அந்தக் கூடத்து வாசல்ல என்ன பண்ணுனீங்க?"

"அதெல்லாம் சாமிக்கு ஏற்கெனவே தெரியும். இது புதுசு."

பேராசிரியை விட்டுவிடவில்லை. எல்லாரையும் கூட்டிக்கொண்டு மறுபடி வரைந்தார். இந்த முறை கேள்வியும் இல்லை, முகமும் இல்லை, வெறும் தாள். அதையும் சாவிக்காரரிடம் கொடுக்காமல் அவளிடம் கொடுத்தார்கள். அவள் ஏழு தாள் எழுதினாள். முதல் வரி: 'சுவர் நிற்க வேண்டும்.' நாற்பது வீட்டிலும் சுவர் நின்றது. தண்ணீர் மட்டும் ஓடியது. ஜன்னல் கண்ணுக்கு நேரே இறங்கி வந்தது. கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள். கும்பிட ஒரு மூலை, காலையிலும் மாலையிலும் அதே இடத்தில். ஏழாம் எண்ணில் மட்டும் கூரையில் தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடி வட்டம் வைத்தார்கள். அதை அவள்தான் கேட்டு எழுதியிருந்தாள், அவருடைய முட்டிக்காக.

அந்த வீட்டில் பதினோரு வருடம் இருந்தார்கள். பிறகு அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பார்க்க விடும் நேரம் நாலிலிருந்து ஐந்து. தினமும் ஐந்து மணிக்கு நர்ஸ் வந்து எல்லாரையும் கிளப்புவார். அன்றும் வந்தார்.

"நேரமாச்சும்மா, கிளம்புங்க."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"வீட்டுச் சாவியைக் காணோமே" என்றார். "கொஞ்சம் தேடிப் பாரேன்."

போர்வைக்கு வெளியே கிடந்த அவருடைய மூடிய கையிலிருந்து சாவியின் வளையம் தெரிந்தது. அவள் பையில் கிடந்ததை எப்போது எடுத்தாரோ. அவள் அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் தேடினாள். தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். சின்ன அலமாரியைத் திறந்து, மருந்துப் புட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள். நர்ஸும் வளையத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நான் அந்தக் கோடியிலிருந்து வர்றேன்" என்று போய்விட்டார். இனி சாவிக்காரரைப் பார்க்கப் போவதில்லை என்று அவளுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தேடியிருப்பாள்.

நர்ஸ் திரும்பி வந்தபோது அவர் கையை விரித்தார்.

"இங்கதான் இருந்துச்சு, பாரு. பத்திரமாப் போ. தாழ்ப்பாளைப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கு. சுவர் எங்கயும் போகாது."