கல்லுக்கிடங்கில் வைத்த சாப்பாடு

காங்கேசன்துறைப் பக்கத்தில் ஏரம்பரை அறியாதவர்கள் இருக்கலாம். அவருடைய நாக்கை அறியாத சமையல்காரர் இல்லை. கலியாண வீட்டில் முதற்பந்தியில் இருப்பார். ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடுவார். பந்தியே கை நிறுத்திக் காத்திருக்கும். பிறகு தீர்ப்பு வரும்: "உப்புக் காணாது."

சீமெந்துத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அவர் கல் தோண்டும் பெருங்குழியான கல்லுக்கிடங்கில் வேலை செய்தவர். பகல் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லைத் துளைத்துவிட்டு, மாலையில் மனைவி கமலாவதியின் தேங்காய்ப்பால் சொதியைத் துளைப்பார். கமலாவதி மறுமொழி சொல்வதில்லை. உப்புச் சிரட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவா. போரில் இடம்பெயர்ந்து நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டக் கொட்டிலில் இருந்தபோதும், ராணுவம் பிடித்திருந்த காணி விடுபட்டு ஊர் திரும்பிய பிறகும் இந்த ஒழுங்கில் மாற்றமில்லை. போன மாசியில் ஒரு மத்தியானம், சிரட்டையை வைத்துவிட்டுத் திரும்பியவ குசினி வாசலில் விழுந்தா. எழும்பவில்லை. ஆக, நாற்பது வருசக் குடும்ப வாழ்க்கையில் ஏரம்பர் கடைசியாகச் சொன்ன சொல் உப்பைப் பற்றியது.

செத்த எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வந்தது. போனவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்து, ஒரு பங்கை வாழையிலையில் கட்டி, இருட்டியபின் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். விடியப் பார்க்கும்போது சாப்பாடு தொடுபட்டிருந்தால் போனவருக்கு மனக்குறை இல்லை என்று அர்த்தம். ஏரம்பருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் கமலாவதிக்கு என்ன பிடிக்கும்? கனடாவில் இருக்கிற மகள் தயாளினிக்குப் போன் எடுத்தார்.

"அப்பாக்கு விருப்பமானதுதான் அம்மாக்கும் விருப்பம்."

"அது என்ரை விருப்பமெல்லோ பிள்ளை. அவவின்ரை விருப்பம்?"

"தெரியேல்லையப்பா. அம்மா இருந்து சாப்பிட்டு நான் கண்டதில்லை."

பக்கத்து வளவுக் குணலட்சுமி சமைத்துத் தருகிறேன் என்றா. ஏரம்பர் விடவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக அடுப்பு மூட்டினார். சந்தியில் இப்போது பெரிய மின்விளக்கும் கோழிப்பொரியல் கடையும் வந்துவிட்டன. மானமுள்ள ஆவி எதுவும் அங்கே குந்தியிருந்து சாப்பிடாது. ஆகவே கைவிடப்பட்ட கல்லுக்கிடங்கின் விளிம்புக்குக் கொண்டுபோய், "சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டு வந்தார்.

விடியப் போய்ப் பார்த்தால் கட்டு அப்படியே இருந்தது. நாய் ஒன்று வந்து மணந்துவிட்டு ஒதுங்கிப் போன தடம் மட்டும் மண்ணில் இருந்தது.

"இருந்த நாளெல்லாம் பொறுத்தவ, அண்ணை," என்றா குணலட்சுமி. "செத்த பிறகும் பொறுக்கோணுமெண்டால் எப்பிடி?"

எட்டுச் செலவுக்கு மீள்பரீட்சை கிடையாது. ஏரம்பர் இரண்டாந்தரமும் எழுதினார். மறுநாள் கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பாகற்காய்க் குழம்பு. விடிய இலை துடைத்த மாதிரி இருந்தது. பாகற்காய்த் துண்டுகள் மட்டும் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. கிழவர் அந்த இடத்திலேயே இருந்து அழுதார்.

"குணம், அவவுக்குப் பாகற்காய் ஆகாது! எனக்கெண்டு கிழமைக்கு ரெண்டு தரம் காய்ச்சினவ. வாய் திறந்து ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"நீங்கள் மூடினால்தானே அவ திறக்கிறதுக்கு."

அதன்பிறகு இரவுதோறும் படையல்தான். மீன்குழம்பு வைத்தார், தலை மிஞ்சியது. தலையை விரும்பமாட்டா என்று மனதில் குறித்துக்கொண்டார். உழுத்தம்மா உருண்டை மிஞ்சவேயில்லை. கலியாணம் முடித்து நாற்பது வருசத்துக்குப் பிறகு, ஆள் செத்த பிறகு, ஏரம்பர் தன் மனைவியோடு பழகத் தொடங்கியிருந்தார்.

இனிக் கிடங்கின் அடியில் இருந்தவர்களையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் மலை இல்லை என்பது ஆண்டவன் செய்த குறை. அதைச் சீமெந்துக்காரர் தோண்டி நிவர்த்தி செய்திருந்தார்கள்: இங்கே ஏற விரும்புகிறவர் முதலில் இறங்கவேண்டும். கொழும்பிலிருந்து பிரணவனும் தாரிகாவும் கயிறுகளோடு வந்து, அடியில் புதர்ப் பற்றைக்குள் பச்சைக் கூடாரம் அடித்திருந்தார்கள். பகலில் பாறை சுடுவதால் இரவில்தான் சுவர் ஏறுவார்கள். கடைச்சந்திக்கே தெரிந்த இந்தச் செய்தி, சாவுத் துடக்கென்று ஒருவரோடும் கலக்காதிருந்த ஏரம்பருக்கு எட்டவில்லை.

அவர்கள் கண்டதும் விசித்திரம்தான். இருட்டில் ஒரு லாந்தர் விளிம்புக்கு வரும். ஒரு கிழவர் பொட்டலம் வைப்பார். "சாப்பிடு" என்பார். கூப்பிட்டாலும் திரும்பாமல் போய்விடுவார். முதல்நாள் தாரிகாவுக்குப் பயத்தில் நித்திரை வரவில்லை. பிரணவன்தான் தெளிவுபடுத்தினான்: "ஊர் ஆக்களின்ரை உபசரிப்பு இப்பிடித்தானாம். அம்மா சொல்லியிருக்கிறா."

அவர்கள் அங்கே தங்கிய கடைசி இரவில் ஏரம்பர் கொஞ்சம் பிந்திவிட்டார். கட்டை வைக்கக் குனிந்தபோது கிடங்குக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் மேலே மேலே வந்தது. பிறகு மா பூசினதுபோல வெள்ளையாக ஒரு கை விளிம்பைப் பிடித்தது. குசினியில் மாக் குழைத்த கையை அவருக்கு நன்றாகத் தெரியும். ஓடவில்லை. முழங்காலில் விழுந்தார்.

"கமலா," என்றார். "உப்புக் காணுமோ?"

கை கொஞ்சம் யோசித்தது. "உண்மையைச் சொல்லட்டோ? காணாது, அங்கிள்."

தீர்ப்பு நியாயமானது என்று ஏரம்பருக்குப் பட்டது. ஆனால் எவ்வளவு கோபம் இருந்தாலும் கட்டின புருசனை எந்தப் பெண்டாட்டியும் அங்கிள் என்று கூப்பிடமாட்டா. லாந்தரை உயர்த்தினார். தலையில் விளக்குக் கட்டிய ஒரு பெட்டை, இடுப்பில் கயிறு, கையில் வழுக்காமல் பூசிய வெள்ளைத்தூள். பின்னாலே ஒரு பெடியன்.

"நெடுக நீங்களோ சாப்பிட்டது?"

"ஓம், அங்கிள். தாங்க்ஸ் சொல்லக் கூப்பிட்டனாங்கள், நீங்கள் திரும்பேல்லை."

"உது செத்தவவின்ரை சாப்பாடு, பிள்ளை."

தாரிகா அழத் தொடங்கினாள். ஏரம்பர் அவளை ஏசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாகற்காயை ஒதுக்கினது ஆர்?"

"நான்தான்," என்றாள் தாரிகா. "எனக்குக் கைப்பு ஆகாது."

"ஓ," என்றார். "அப்ப அவவுக்கு என்ன பிடிக்குமெண்டு..."

விளிம்பில் குந்தி, கட்டை அவிழ்த்து, தானே பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். பெடியன் என்ன செய்வதென்று தெரியாமல், "கீழ எங்களிட்டை உப்பு இருக்கு, கொண்டரட்டோ?" என்றான்.

"வேண்டாம்."

ஒரு குறையும் சொல்லாமல் முழுவதையும் சாப்பிட்டார். பிறகு இலையை மடித்தார், லாந்தரை எடுத்தார். கொஞ்சத் தூரம் போய், பார்க்கக்கூடாது என்ற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னாலே கிடங்கு மட்டும் இருந்தது.